பாட்டுக்குள்ள கேட்ட இன்னொரு பலகை

ராஜி, செல்வா, அப்பா எழுதுறேன். போன்ல சொன்னா சிரிச்சிடுவீங்க, இல்லன்னா அப்பா தனியா இருந்து இருந்து ஒரு மாதிரி ஆயிட்டாருன்னு பயப்படுவீங்க. அதான் எழுதுறேன். பேய் பிசாசெல்லாம் நான் நம்பினவன் கிடையாது, உங்களுக்கே தெரியும். உச்சிவேளையில உப்பளத்துல தனியா நிக்காதன்னு யாராவது சொன்னா, அப்போ நீ வந்து கூட வாருறியான்னு கேட்டவன் நான்.

கோட்டக்குப்பம் ஜலால் பாய் இருக்காரே, ஒரு காலத்துல கல்யாணத்துலயும் தர்காவுலயும் அவர் பாடினா கல்லு மனசுக்காரனும் அழுவான். வருஷக்கணக்கா வாயே திறக்காம இருந்தவரு, திரும்ப ஒரு ஆல்பம் பாட வந்தாரு. இடையஞ்சாவடியில ஸ்டுடியோ வச்சிருக்கிற ரெஜினான்ற பொண்ணு, தாளம் மேளம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே போட்டுடும். அந்தத் தாளத்துல பாயால நிக்கவே முடியல. இன்னொரு தடவை பாப்பேன், அதுவும் வரலன்னா என் குரல் செத்துப்போச்சுன்னு விட்டுடுவேன்னு சொல்லிட்டாராம். அப்புறம் அவரேதான், உப்பு வாருற சத்தத்தைத் தாளமா வச்சுப் பாக்கலாமான்னு கேட்டிருக்காரு. அப்படித்தான் ரெண்டு பேரும் நான் வேலை செய்யுற உப்புப் பாத்திக்கு வந்தாங்க.

"ஏம்மா, உன் பொட்டி மூச்சே விடமாட்டேங்குது. அப்புறம் நான் எங்க மூச்சு விடறது?" பாய் கார்ல இருந்து இறங்கும்போதே ஆரம்பிச்சிட்டாரு.

"அதுக்கு மூச்சு வாங்கினா சர்வீஸுக்குத்தான் பாய் அனுப்பணும்" அப்படின்னுச்சு அந்தப் பொண்ணு.

வேற சத்தம் விழக்கூடாதுன்னு உச்சிவேளையா பாத்து வந்திருந்தாங்க. மத்த ஆளுங்கெல்லாம் வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போயாச்சு. கண்ணு கூசுற வெள்ளைதான், வேற எதுவும் இல்ல. வரப்புல மைக்கை நட்டுட்டு அவங்க ரெண்டு பேரும் தூரத்துக் கொட்டாய்க்குப் போயிட்டாங்க. நான் உப்பு வாருற பலகையை இழுத்து ஒரு வரிசை வாரி முடிச்சு வரப்புக்கு வந்தேன். பாத்திக்கு முதுகைக் காட்டி நின்னு பாட்டில் தண்ணிய மடமடன்னு முழுசா குடிச்சேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். உப்பு ரெண்டு பேராத்தான் வாருவோம், ஆளுக்கு ஒரு வரிசை. ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டில், வரப்புல இருக்கும். முதல்ல வர்றவங்க பாதி குடிச்சிட்டு வைக்கணும். உங்கம்மா எப்பவும் எனக்குப் பின்னாலதான் வந்து சேருவா. நான் பாட்டிலைத் தூக்கினா, பலகையை வரப்புல மூணு தட்டு தட்டுவா. எனக்கும் வைய்யான்னு அர்த்தம். வேற யாரும் அப்படிப் பண்ணி நான் பாத்ததில்ல. அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு, யாருக்கு வைக்கணும்னுதான் முழுசா குடிச்சேன்.

அப்புறம் நானும் கொட்டாய்க்குப் போனேன். பதிஞ்ச சத்தத்தைப் போட்டு பாய் காதுல ஹெட்போனை மாட்டிவிட்டுச்சு ரெஜினா. நம்பினா நம்புங்க, ரெண்டு நிமிஷத்துல அவர் பாட ஆரம்பிச்சாரு பாருங்க, ஒரு இடத்துல கூட தடுக்கல, எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துடுச்சு. பாடி முடிச்சு கண்ணைத் தொடச்சுக்கிட்டே கேக்குறாரு, "ஏம்பா, கூட வாருனது யாரு? அந்தம்மா கை என்னா நிதானம்!"

"நான் மட்டும்தான் பாய் வாருனேன்."

"எதிரொலியா இருக்கும்ணா" அப்படின்னு சொல்லிட்டு ரெஜினா சுத்திப் பாத்துச்சு. எதிரொலிக்க அங்க ஒரு சுவரு உண்டா, மரம் உண்டா?

நானும் வாங்கிக் கேட்டேன். என் பலகை சரக் சரக்குன்னு போவுது. அதுக்குப் பின்னாலயே இன்னொண்ணு, கொஞ்சம் மெதுவா. நான் வரப்பேறி நின்னதும் என்னோடது நின்னுபோச்சு. இன்னொண்ணு நிக்கல. கிட்ட வருது, இன்னும் கிட்ட வருது. அப்புறம் மூணு தட்டு.

அந்நேரம் நான் முதுகைக் காட்டிக்கிட்டுத் தண்ணி குடிச்சிட்டு இருக்கேன்.

"அந்த இன்னொரு சத்தத்தை எடுத்துடட்டுமாண்ணா?" ரெஜினா கேட்டுச்சு.

"இருக்கட்டும்மா."

செல்வா, போன மாசம் அந்தப் பாட்டை நீ ஸ்டேட்டஸ்ல வச்சிருந்த. கடைசியில பாய் குரல் அடங்கினப்புறம் மூணு தட்டு கேக்குதே, மிஷின் தாளம்னு நெனச்சிருப்ப. நான் இன்னைக்கு வரைக்கும் அந்த இடம் வர்றதுக்குள்ள பாட்டை நிறுத்திடறேன்.

அவங்க வந்துட்டுப் போன மறுநாளே உச்சிவேளைக்கு நான் மட்டும் போனேன். ஒரு வரிசை வாரினேன், பாதித் தண்ணி குடிச்சேன், மீதிய வரப்புல வச்சேன். மூடியை சும்மா மேலாப்புலதான் வச்சேன். இறுக்கி மூடினா உங்கம்மாவுக்குத் திறக்க வராது.