சப்பாத்துக்குள் சாமி அரிசி

என் வீட்டுக்காரருக்கு ஒரு ஜோடி சப்பாத்து இருந்தது. தோட்டத்துச் சின்னத் துரை சீமைக்குத் திரும்பியபோது கழித்துப்போட்டது. பேர்தான் சின்னத் துரை, காலைப் பார்த்தால் பெரிய துரைக்கும் பெரிய துரை. இவர் போட்டுக்கொண்டால் முன்னால் இன்னொரு கால் வைக்க இடமிருக்கும். பழைய வேட்டித் துணியைச் சுருட்டி இரண்டு முனையிலும் அடைத்துத்தான் போட்டுக்கொள்வார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அதற்கு வேலை. அன்றைக்கு மலாக்காவிலிருந்து மாதா கோயில் சாமியார் ஜாசினுக்கு வந்து ஒரு கடை மாடியில் பூசை வைப்பார். எங்களுக்கு அதுதான் கோயில். மற்ற நாளெல்லாம் ஸ்டோரில் வெறுங்காலோடு நின்று ரப்பர் ஷீட் போடுகிற மனுஷன், அன்றைக்கு மட்டும் சப்பாத்துச் சத்தம் கேட்க லயத்து வரிசை வீட்டு வாசலில் மேலும் கீழும் நடப்பார். "வேதக்காரன்னா ஒரு மட்டு மரியாதை வேணும்லா" என்பார். மரியாதை சப்பாத்தில்தான் இருக்கிறதென்றால் சின்னத் துரை ஏன் அதைக் கழற்றி எறிந்தான் என்று நான் கேட்பேன். இன்னொரு நடை நடந்து காட்டுவார்.

அவருக்குச் சப்பாத்து என்றால் எனக்குப் பிடி அரிசி. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போட்டுவிட வேண்டும். அது சாமிக்கு. பூசைக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்தால் இல்லாதவர்களுக்குப் போய்ச் சேரும். என்ன கஷ்டம் வந்தாலும் அந்த டின்னில் நாங்கள் கை வைத்தது கிடையாது. என் மகள் நடக்கப் பழகியதிலிருந்து அந்தப் பிடியை அவள்தான் எடுப்பாள். நான் சொல்லப்போகிறது நடந்தபோது அவளுக்கு ஐந்து வயது. கைக்குள் நின்றதைவிட முறத்தில் சிந்தியதுதான் அதிகம். ஆனாலும் சாமியாரே நேரில் வந்து டின்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

அப்புறம் கொம்னிஸ்ட் காலம் வந்தது. சர்க்கார் அதை அவசரகாலம் என்றது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வெளியே போக ஒரே ஒரு கேட். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று எங்களுக்கு அரிசியை அளந்துதான் கொடுத்தார்கள். கொடுத்ததில் ஒரு மணிகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள்கூட வெறுங்கையோடு போய்ப் பசித்த வயிற்றோடுதான் திரும்ப வேண்டும். அடுத்த டிவிஷனில் ஒருவர் இடுப்பில் சோற்றுப் பொட்டலத்தை முடிந்துகொண்டு போய் மாட்டிக்கொண்டார். அப்படியே லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் பெண்டாட்டி எங்கெங்கோ போய் அழுதாள். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரியவே மாதக்கணக்கானது.

"இனிமே பிடி அரிசியும் வேணாம், படி அரிசியும் வேணாம்" என்றார் இவர். நான் விடவில்லை, சாமியாரிடமே கேட்டேன். வெள்ளைக்காரச் சாமியார், புத்தகத் தமிழ். "மகளே, ஆண்டவர் உன் கஷ்டத்தை அறிவார். அரிசி கொண்டுவர வேண்டாம்" என்றார். அவரே சொன்ன பிறகு நான் யார்? வீட்டுக்கு வந்து டின்னைக் கவிழ்த்து வைத்தேன்.

"அப்ப சாமிக்குப் பசிக்காதாம்மா?" என்று மகள் கேட்டாள்.

ஈர விறகு, அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. "அதெல்லாம் சாமி பாத்துக்குவாரு, போ" என்றேன். போய்விட்டாள். விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர், அதுவும் கூரைவரை போகாது. அவள் கடுகு தாளித்தால் நான் தும்முவேன். அவளிடம் ஒரு சிவப்புக் கோழி இருந்தது. அது சொந்த வீட்டை விட்டுவிட்டு என் அடுப்படி மூலையில்தான் வந்து முட்டை போடும். என் வீட்டில் போட்ட முட்டை என்னுடையது என்றேன். தன் கோழி போட்ட முட்டை தன்னுடையது என்றாள். அதோடு பேச்சு நின்றது. பேச்சுதான் நின்றதே தவிர சத்தம் நிற்கவில்லை. அவள் கோழியைப் பார்த்துப் பேசுவாள், நான் துடைப்பத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

சாயங்காலம் விளக்கேற்றி ஜெபம் சொல்வோம். முடிவில் மகள் ஒவ்வொருவராகச் சொல்லி ஆசீர்வாதம் கேட்பாள். அப்பா, அம்மா, சாமியார், அப்புறம் பக்கத்து வீட்டுக் கோழி. "கோழிக்கெல்லாம் ஜெபம் கிடையாதுடி" என்று ஒருநாள் அதட்டினேன்.

"அப்ப அந்தப் பெரியம்மாவச் சொல்லட்டா?" என்றாள்.

கோழியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த அக்காவுக்குத்தான் கேட்டில் வேலை கிடைத்தது. பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டுமாம். கையில் பட்டை கட்டிக்கொண்டு கேட்டுப் பக்கத்து அத்தாப்பு ஓலைக் குடிசையில் நின்றாள். மற்றவர்களை மேலோடு தடவி அனுப்புகிறவள், நான் வந்தால் மட்டும் கொண்டையை அவிழ்க்கச் சொல்வாள். என் ஜெபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறுவாள்.

அந்த மாதம் என் வீட்டு அரிசி வாரம் முடியுமுன்பே தீர்ந்துகொண்டிருந்தது. நான் அளந்துதான் போடுகிறேன், ஆனால் பானையில் குறைகிறது. மகளின் தலை ரிப்பன் இரண்டும் வேறு காணவில்லை. எனக்கு யார்மேல் சந்தேகம் வரும்? சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "நாலு கால் எலிக்குப் பொறி வைக்கலாம், ரெண்டு கால் எலிக்கு என்னத்த வைக்கிறது?" என்று துடைப்பத்திடம் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு சட்டி நங்கென்று விழுந்தது. வேறு பதில் இல்லை. என்றைக்கும் பதில் சொல்கிறவள் சும்மா இருக்கிறாள் என்றால் அவளேதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பூசை ஞாயிறு வந்தது. இவர் கட்டிலுக்கு அடியிலிருந்து சப்பாத்தை எடுத்தார். கால் உள்ளே போகவில்லை. திணித்தார், தரையில் உதைத்தார், கதவில் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். ஒருவழியாகப் போனது. எழுந்து நின்றவருடைய முகம் வெளுத்துவிட்டது.

"கால் வீங்கிருச்சுடி."

"வீங்கல. மாசம் பூரா வெறுங்காலோட நடந்தா கால் அகலந்தான் ஆவும்."

"இல்லடி, இது ரேஷன் அரிசி தின்னு வர்ற வீக்கம். மொதல்ல கால்ல நிக்கும், அப்புறம் நெஞ்சுக்கு ஏறும்."

நெஞ்சுக்கு ஏறுவதற்குள் ஜாசினுக்குப் பூசைக்காரர்களை ஏற்றிப்போகிற லோரியைப் பிடித்துவிடலாம் என்று இழுத்துக்கொண்டு கிளம்பினேன். மகள் வழியெல்லாம் அப்பாவின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். "மெதுவா நடங்கப்பா" என்று அடிக்கடி சொன்னாள். அப்பாமேல் பிள்ளைக்கு என்ன பாசம் என்று எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

கேட்டில் ஆண்கள் வரிசை தனி. அங்கே ஒரு மலாய் மாத்தா, போலீஸ்காரர், துப்பாக்கியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் குடிசைக்குள் போக வேண்டும். அக்கா வழக்கம்போல என் கொண்டையை அவிழ்த்தாள், புத்தகத்தை உதறினாள். பிள்ளையோடு அவளுக்குச் சண்டை கிடையாது. குனிந்து, எல்லாக் குழந்தைகளிடமும் கேட்கிற கேலியைக் கேட்டாள்.

"என்ன பாப்பா, நீ அரிசி கிரிசி வச்சிருக்கியா?"

என் மகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொன்னால் கூடவே இருக்கிற தேவதூதன், அந்தக் காவல் சம்மனசு, அழும் என்று சொல்லி நான்தான் அப்படி வளர்த்திருந்தேன்.

"எங்கிட்ட இல்ல பெரியம்மா. அப்பா சப்பாத்துல இருக்கு."

நான் சிரிக்கப் போனேன். பாதியில் வாய் நின்றுவிட்டது. குறைந்துபோன அரிசியும், காணாமற்போன ரிப்பனும், உள்ளே போகாத காலும் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன.

"யாரு வச்சா?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"நாந்தான். சாமிக்குப் பிடி அரிசி. துணியில வச்சு ரிப்பனால கட்டிட்டேன். அப்பா சப்பாத்து கோயிலுக்கு மட்டுந்தானே போவும்? வேற எங்கயும் போவாதுல்ல?"

அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அத்தாப்பு இடுக்கு வழியாகப் பார்த்தேன். இவருடைய முறை வந்திருந்தது. நொண்டிக்கொண்டே போனவரை மாத்தா என்ன ஏது என்று கேட்டிருப்பார் போல. என் வீட்டுக்காரருக்கு வீக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டது. "காக்கி சாக்கிட், துவான், காக்கி சாக்கிட்" என்று கால் வலியை மலாயில் சொல்லி, காலைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். மாத்தா குனிந்து சப்பாத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்கு அடுத்த டிவிஷன்காரர் பெண்டாட்டியின் முகம்தான் கண்ணில் வந்தது. "அக்கா" என்றேன். கோழிச் சண்டைக்குப் பிறகு அவளை நான் முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு சத்தம் போட்டால் போதும் அவளுக்கு. எலிக் கணக்கெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெளியே போனாள். சத்தமும் போட்டாள்.

"ஏய்யா! கோயிலுக்குப் போறியா, கோர்ட்டுக்குப் போறியா? சாமி இருக்கிற எடத்துக்கு எவனாச்சும் சப்பாத்துக் காலோட போவானா? கால் நோவுதுன்னு ஒப்பாரி வேற! நோவாம என்ன பண்ணும், சாமி குத்தம்லா! கழட்டி இங்க வச்சிட்டுப் போ!"

மாத்தாவின் பக்கம் திரும்பிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "டியா மாவ் பெர்கி ரூமா துஹான், பாக்கே காசுட்!" கடவுள் வீட்டுக்குச் சப்பாத்தோடு போகிறானாம் இந்த ஆள் என்று புகார்.

மாத்தா நிமிர்ந்தார். அவர் பள்ளிவாசல் படியில் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போகிறவர். இவரை மேலும் கீழும் பார்த்து, "தா போலே லா", கூடாதப்பா என்று வருத்தத்தோடு தலையாட்டினார்.

எங்கள் ஆளோ வாதாட ஆரம்பித்தார். "இல்லக்கா, எங்க வேதத்துல சப்பாத்து போடலாம். துரைமாருங்க எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான்..."

அந்த மனுஷன் வாயை மூட வேண்டும் என்று என் வாழ்நாளில் எத்தனையோ தரம் விரும்பியிருக்கிறேன், அன்றைக்கு விரும்பிய மாதிரி என்றைக்கும் இல்லை. "கழட்டித் தொலைங்க!" என்று கத்தினேன். லோரியில் ஏறியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கழற்றினார். அக்கா இரண்டையும், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி விரல் நுனியில் தூக்கி, வாய் மேலே பார்க்கக் குடிசைக்குள் கொண்டுபோனாள்.

பூசையில் இவர் காலைப் பெஞ்சுக்கு அடியில் மடக்கி ஒளித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பவே இல்லை. லோரியில் ஊர் ஜனம் சூழ உட்கார்ந்திருந்ததால் விஷயத்தைச் சொல்லவும் வழியில்லாமல் போயிருந்தது. காணிக்கைத் தட்டு எங்களிடம் வந்தபோது, மகள் எழுந்து நின்று, "எங்க அரிசி கேட்டுல..." என்று தொடங்கினாள். அவள் வாயைப் பொத்தி மடியில் அமுக்கினேன். அன்று நான் கேட்ட ஜெபம் ஒன்றே ஒன்றுதான், அந்தச் சப்பாத்துக்குள் வேறு யாரும் கை விட்டுவிடக் கூடாது. பகையாளிக்காக ஜெபிக்க வேண்டும் என்று சாமியார் வருஷக்கணக்காகச் சொல்லியும் நடக்காதது அன்றைக்கு நடந்தது. காரியம் ஆக வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது அக்காவின் வேலை நேரம் முடிந்திருந்தது. எங்கள் வாசலில் சப்பாத்தோடு நின்றுகொண்டிருந்தாள். என்னிடம் நீட்டினாள்.

"இந்தா. ரெண்டு கால் எலியப் புடிச்சிட்டேன்."

உள்ளே வேட்டித் துணியும், துவைத்து மடித்த ரிப்பன் இரண்டும் இருந்தன. ரிப்பனை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மகள் சப்பாத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அரிசி எங்க பெரியம்மா?"

"கோழிக்குப் போட்டுட்டேன். வச்சிருந்தா என் தலை போயிரும்லா."

பிள்ளைக்கு உதடு பிதுங்கியது. "அது சாமிக்கு."

தோட்டத்தில் யாருக்கும் பயப்படாதவள் அந்த ஒரு சொல்லுக்குத் திணறிப்போனாள். "இல்ல பாப்பா... அதுக்கும் பசிதான்" என்றாள்.

"ரொம்பப் பசியா?"

"பசியில்லாமயா அம்புட்டையும் தின்னுச்சு?"

மகள் சரி என்று தலையாட்டிவிட்டுக் கோழியைப் பார்க்க ஓடினாள்.

உள்ளே போய் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து சப்பாத்துக்குள் காலை விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போனது. "வீக்கம் வத்திருச்சு" என்றார் சின்னக் குரலில். அப்புறம் சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் கடைசிவரை தள்ளினார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவர் வீட்டில் இருக்கிறார், வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்கால ஜெபத்தின்போது மகள் லோரி அலுப்பில் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். ஆசீர்வாதத்துக்குப் பேர்களை நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பா, அம்மா, மகள், சாமியார் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். பிறகு, "பக்கத்து வீட்டு அக்கா" என்று தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தோடு சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. நான் சிலுவை போட்டு முடிக்கக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

"கோழிய விட்டுட்டியே!"