வட்டமும் புள்ளடியும்

அந்தக் கோடையில் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. மொன்றியலின் பேஸ்பால் அணி எல்லை தாண்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. அது இல்லாத முதல் கோடை அது.
2. பார்க்க ஆட்டம் இல்லாமல் போன சித்தப்பா, கீழ்மாடியில் இருந்த ஜப்பான்காரரின் அணியைத் தன் அணியாக எடுத்துக்கொண்டார்.
3. அந்த அணி பத்து ஆண்டுகளில் ஆண்டுக்கொருவராக முதலாவதாகத் தெரிவுசெய்த வீரர்களுக்கு அவர்கள் இருவரும் குறி போட்டார்கள். பட்டியலை எழுதியது நான்.
4. அதே மாதங்களில் சித்தப்பாவுக்கு மூன்று இடங்களில் கலியாணம் பேசினார்கள். அந்தப் பட்டியலையும் எழுதியது நான்.
5. அப்பா இரண்டாவது பட்டியலைப் பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்தார்.

பிழை நடந்தது ஐந்தாவதில். அது தொடங்கியது மூன்றாவதில்.

எனக்கு அப்போது பத்து வயது. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் அப்பா, அம்மா, நான், சித்தப்பா என நான்கு பேர் இருந்தோம். சித்தப்பா அப்பாவின் தம்பி. துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் கொள்கலன்களை இறக்கும் வேலை. அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டது அப்பா. அதனால் அப்பாவுக்கு முன்னால் அவர் கதிரையில் சாய்ந்து உட்கார மாட்டார்.

ஜப்பான்காரர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் ஒன்றில் எலிகளை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார். குடிவந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் சித்தப்பாவுக்குப் பக்கத்து வாங்கில் உட்காருபவர் அவர். இருவரும் பாதிப் பிரெஞ்சிலும் கால் ஆங்கிலத்திலும் கதைப்பார்கள். மிச்சம் கையால் நடக்கும். அவருடைய அணி எந்த ஆண்டும் அட்டவணையின் அடியில்தான் நின்றது. சொந்த அணியைப் பறிகொடுத்த சித்தப்பாவுக்கு, தோற்றுக்கொண்டாவது இருக்கும் ஓர் அணி போதுமானதாக இருந்தது.

ஜப்பானில் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் தொழில்முறை அணிகள் பள்ளிக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் விளையாடும் இளைஞர்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும். ஒரே ஆளை இரண்டு மூன்று அணிகள் முதலாவதாகக் கேட்டால் குலுக்கல். பெட்டிக்குள் கைவிட்டு ஆளுக்கொரு உறை எடுப்பார்கள். தோற்ற அணி வேறு ஒருவரைத் தேட வேண்டும். அப்படி இரண்டாவதாகத் தேடி எடுக்கப்பட்டவருக்கு அவர்களிடம் தனியாக ஒரு பெயரே இருந்தது. “பிசகிய முதல் ஆள்” என்று சித்தப்பா அதைத் தமிழாக்கினார்.

சனிக்கிழமைகளில் ஜப்பான்காரர் பழைய ஆண்டு மலர்களை நிலத்தில் பரப்புவார். பெயரை அவர் வாசிக்க, காதில் விழுந்தபடி நான் தமிழில் எழுதுவேன். என் கட்டக் கொப்பியில் ஐந்து நிரல்கள்: ஆண்டு, பெயர், இடம், குலுக்கல் உண்டா இல்லையா, பிறகு என்ன ஆனார். கடைசியில் குறி. நல்ல தெரிவுக்கு வட்டம். நடுத்தரத்துக்கு முக்கோணம். வீணாய்ப்போன தெரிவுக்குப் பெருக்கல் குறி. ஜப்பானில் வாத்தியார்மார் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு வட்டம் என்றால் முட்டை. ஆனால் ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

பந்து எறிபவன் ஒருவனால் ஒரு பிணக்கு வந்தது. தெரிவான இரண்டாம் ஆண்டே தோள் போய், விளையாட்டை விட்டவன். ஜப்பான்காரர் பெருக்கல் குறி என்றார். சித்தப்பா பென்சிலைப் பிடுங்கிவிட்டார்.

“தோள் போனது அந்தப் பெடியன்ரை பிழையே? கேள் பிள்ளை அவரை.”

நான் பிரெஞ்சில் கேட்டேன். பள்ளிக்கூடப் பிரெஞ்சு என்பதால் மூவரில் நான்தான் ஓரளவு ஒழுங்காகப் பேசுவேன். அவர் யோசித்துவிட்டு, குறி பெடியனுக்கு இல்லை, அவனைத் தெரிவுசெய்தவர்களுக்கு என்றார். நான் அதைச் சித்தப்பாவுக்குச் சொன்னேன்.

“அப்ப சரி,” என்று பென்சிலைத் திருப்பித் தந்தார். “அவைக்கு ரெண்டு போடு.”

முடிவில் குறிகளை எண்ணினோம். குலுக்கலில் வென்று எடுத்தவர்களுக்கும் பிசகிய முதல் ஆட்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வட்டம் வந்தது. ஜப்பான்காரருக்கு அது பிடிக்கவில்லை. திரும்பவும் எண்ணச் சொன்னார். பத்துப் பேர் ஒரு மாதிரிக்குப் போதாது என்று இன்றைக்கென்றால் சொல்லியிருப்பேன். அன்றைக்குத் திரும்ப எண்ணினேன். அதே விடை.

இனி மேல்மாடி. சித்தப்பாவுக்கு முப்பத்தொரு வயது. மூன்று இடங்களில் சாதகக் குறிப்புப் பொருந்தியிருந்தது: ரொறன்ரோவில் ஒருவர், மிசிசாகாவில் ஒருவர், பாரிஸில் ஒருவர். மூவரோடும் அவர் தொலைபேசியில் ஒவ்வொரு முறை கதைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லும்படி அப்பா கேட்டிருந்தார். ‘எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது’ என்று அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் சனி பின்னேரம் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

“கொப்பியிலை ஒரு தாள் கிழி. மூண்டு பேரையும் எழுது.”

“நிரல் எத்தினை?”

“நிரல் ஒண்டும் வேண்டாம். குறி மட்டும் போடு. ரொறன்ரோவுக்கு வட்டம். மிசிசாகா முக்கோணம்.”

“பாரிஸ்?”

“அவ என்ரை பிரெஞ்சைக் கேட்டுச் சிரிச்சவ. மற்றதைப் போடு.”

பெண்களை வரிசையாக எழுதிக் குறி போடுவது சரிதானா என்று எனக்குத் தோன்றவில்லை. கோடு நேராக வந்ததா என்பதில்தான் கவனம். சித்தப்பா அந்தத் தாளைக் குறிப்புகள் இருந்த கோப்புக்குள் வைத்தார். ஞாயிறு காலை வேலைக்குப் போகும்போது, “அண்ணை, கோப்புக்குள்ளை குறி போட்டு வைச்சிருக்கிறன், பாருங்கோ,” என்று சப்பாத்துக் கயிற்றிடம் சொல்லிவிட்டுப் போனார். கப்பல் வந்திருந்ததால் அன்று மேலதிக வேலை.

நான் நூலகத்துக்குப் போய் மத்தியானம் திரும்பினேன். அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். அப்பா தொலைபேசி அட்டையை விரலால் சுற்றிக்கொண்டு, தேர்தலில் வென்றவர் போல இருந்தார்.

“சித்தப்பாவுக்கு பாரிஸ் சரிவந்திட்டுது,” என்றார் அம்மா.

“பாரிஸோ?”

“ஓம். அவன் புள்ளடி போட்டு வைச்சிருந்தவன்,” என்றார் அப்பா. “ரொறன்ரோவுக்கு வெறும் வட்டம். மற்றதுக்கு முக்கோணம் கீறியிருந்தான். ஐமிச்சமாக்கும், முடிவெடுக்கேல்லைப் போல.”

புள்ளடி என்பது வாக்குச்சீட்டில் போடுவது; பார்வைக்கு அதே பெருக்கல் குறிதான். ஊரில் அப்பா அதைத்தான் போட்டார். குடியுரிமை கிடைத்தபின் இங்கே போட்டதும் அதைத்தான்; இங்கே வாக்குச்சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வெறும் வட்டம் இருக்கும், விருப்பமானவரின் வட்டத்துக்குள் புள்ளடி போட வேண்டும். அப்பா பார்த்த தாளில் வாக்கு விழுந்தது ஒருவருக்குத்தான். பாரிஸில் இருட்ட முதல் அவர் தொலைபேசி எடுத்துவிட்டார். பிறகு மற்ற இரண்டு இடங்களுக்கும் எடுத்து, சாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லியிருந்தார்.

அப்பா பிழை விடக்கூடியவர் என்பது அதுவரை எனக்குத் தெரிந்த விஷயங்களில் ஒன்றல்ல. போய்ப் படிக்கட்டில் இருந்தேன்.

சித்தப்பா ஐந்து மணிக்கு வந்தார். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையில் அவரை மறித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்தார்.

“புள்ளடி,” என்றார். பிறகு, “அண்ணை ஆரோடை கதைச்சவர்? தகப்பனோடையோ?”

“முதல் தகப்பனோடை. பேந்து அவவோடையும்.”

“அவ என்னவாம்?”

அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். “‘என்னை அவர் கேப்பார் எண்டு நான் நினைக்கேல்லை’ எண்டவவாம்.”

சித்தப்பா கையுறைகளைக் கழற்றி மடித்தார். விரித்தார். திரும்பவும் மடித்தார்.

“மேலை போய் அப்பாட்டைச் சொல்லட்டே? இப்ப எடுத்தால் மாத்தலாம்,” என்றேன்.

“விசரே உனக்கு? என்னெண்டு மாத்துறது?”

“வட்டம் நல்லது எண்டு சொன்னால் அப்பாவுக்கு விளங்கும்.”

“விளங்கும். அதுதான் சொல்லவேண்டாம் எண்டுறன்.” எழுந்தார். “ஒருத்தருக்கும் வாய் திறக்கப்படாது. சரியே?”

சரி என்றேன். அவர் மேலே போய், கை கழுவி, கேசரியில் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார். அப்பா அவருடைய தோளில் தட்டினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “நீங்கள் பாத்தால் சரிதான் அண்ணை,” என்றார்.

அவர் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். துறைமுகத்தில் இரும்புக் கதவுகளைத் திறக்கிற மனிதருக்கு அண்ணனிடம் ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லையே என்று அவர்மேல் எனக்கு மரியாதை கொஞ்சம் குறைந்தது. அடுத்த சனிக்கிழமை அவர் ஜப்பான்காரருக்குக் கையாலும் முகத்தாலும் கதை முழுவதையும் விளக்க, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எழுந்து நின்று சித்தப்பாவுக்கு இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் செய்தார். அதுவும் கேலி என்றே எண்ணினேன்.

அடுத்த ஆண்டு சித்தி வந்தார். சித்தியின் முன்னால் நான் வருடக்கணக்காக எச்சரிக்கையாக இருந்தேன். வாக்குச்சீட்டு, வட்டம் என்ற சொற்கள் வந்தால் அறையைவிட்டு எழும்பிப் போய்விடுவேன். இரகசியம் சித்தியிடமிருந்து காக்கப்பட வேண்டியது என்பது என் கணிப்பு.

நான் பொறியியல் படித்து முடித்த ஆண்டில், சித்தியே ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டு, “அந்தத் தாளை வைச்சிருக்கிறீரே? எனக்கு ஒருக்காப் பாக்க ஆசை,” என்று கேட்டார். யார் சொன்னது என்று கேட்டேன். தொலைபேசியில் மூன்றாம் முறை கதைத்தபோதே சித்தப்பா எல்லாவற்றையும் சொல்லி, வேண்டாமென்றால் இப்போதே வேண்டாமென்று சொல்லலாம் என்றாராம். சித்தி, தன் பட்டியலிலும் அவர் முதல் ஆள் இல்லை என்றாராம்.

அன்று படிக்கட்டில் சித்தப்பா காப்பாற்றியது யாரை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பியின் வாழ்க்கையில் தான் ஒரு பிழை விட்டுவிட்டதாகத் தெரிந்தால், அப்பா அதை இறக்கி வைக்கவே மாட்டார்.

சித்தப்பாவும் சித்தியும் இப்போது புரோசார்டில் இருக்கிறார்கள். இரண்டு பெண்பிள்ளைகள். ஜப்பான்காரர் நாடு திரும்பிவிட்டார்; அவருடைய அணி இரண்டொரு முறை மேலே வந்து திரும்பவும் இறங்கியது. தாள் என்னிடம் இல்லை. ரொறன்ரோவில் இருந்தவரைப் பற்றி நாங்கள் ஒருவரும் விசாரிக்கவில்லை. அப்பா கொண்டாட்டங்களில் ஆட்களைப் பிடித்துவைத்து, அந்தக் கலியாணத்தைத் தான் பார்த்துச் செய்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது.