அம்மாவிடம் மிஞ்சிய ஒரு சொல்

"டீச்சரம்மா, நீங்க நாலு நாள் தாங்க மாட்டீங்க."

கோயமுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் வார்டு ஆயா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது. என் அம்மாவை அப்போதுதான் உள்ளே தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஆயா என் மூக்குக்கண்ணாடியையும் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தையும் பார்த்தாள். "படிச்ச புள்ளைங்க மருந்து பேரெல்லாம் கேட்டு எழுதிக்குவாங்க. பீ மூத்திரம் அள்ளறதுன்னா, ஊருக்குக் காயிதம் போட்டுச் சித்திய வரச்சொல்லிப் போடுவாங்க" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். ஆசிரியைப் பயிற்சியும் முடித்தவள். ஒரு வார்டு ஆயாவுக்குப் பதில் சொல்வது என் மதிப்புக்குக் குறைவு என்று நினைத்தேன்.

அவள் சந்தேகப்பட்ட இடத்தில் நான் தோற்கவில்லை. தோற்றது வேறோர் இடத்தில். வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் அம்மாவை எல்லோரும் எஸ்தரம்மாள் என்பார்கள். அறுபதைத் தாண்டியவர். எழுத்து தெரியாது. அப்பா சென்னிமலையில் தறி நெய்தவர். அவர் இறந்த பிறகு நாங்கள் பெருந்துறைப் பக்கத்து ஊர் ஒன்றில் குடியேறினோம். அங்கேதான் அம்மா சபையின் வீட்டு ஊழியத்தில் சேர்ந்தார். சுற்றுப்பட்டு ஊர்களுக்கு நடந்துபோய், நோயில் கிடக்கும் பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்து, கீர்த்தனை பாடி ஜெபம் பண்ணிவிட்டு வருவதுதான் அந்த வேலை. இருபது வருஷம் அதைச் செய்தார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் புறப்படுவதற்கு முன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தூக்கி உட்கார வைத்தபோது வாய் இடப்பக்கமாகக் கோணியிருந்தது. ஏதோ சொல்ல முயன்றார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, இது பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ உடம்பின் ஒரு பக்கம் செயலற்றுப் போவது) என்றார். ரத்தக்கொதிப்பு (ரத்தம் குழாயை அழுத்தும் வேகம் கூடுவது) அதிகமாக இருந்தது. கொடுப்பதற்குப் பெரிய மருந்து எதுவும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். "உப்பைக் கொறைங்க. படுக்கப் புண் வராம பாத்துக்குங்க. மத்ததுக்கு நாள் ஆகணும்."

படுக்கைப் புண் (ஒரே பக்கமாகக் கிடப்பதால் தோல் நைந்து அழுகுவது) வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். என்னிடம் கடிகாரம் இல்லை. பீளமேட்டுப் பக்கத்து மில்களின் சங்கு வார்டுக்குக் கேட்கும். சங்கை வைத்து ஒரு கணக்கு, மருந்து வண்டியை வைத்து ஒரு கணக்கு. அம்மாவின் முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட விழவில்லை. பத்தாவது நாள் ஆயா வந்து முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க அம்மணி" என்றாள். அதற்காக நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பட்டேன்.

இரண்டாம் வாரத்தில் அம்மாவுக்கு ஒரு சொல் வந்தது. "ஆமாங்க."

"அம்மா, தண்ணி வேணுமா?"

"ஆமாங்க."

"வேண்டாமா?"

"ஆமாங்க."

"நான் யாருன்னு தெரியுதாம்மா? பக்கத்து ஊட்டுப் பொண்ணா?"

"ஆமாங்க."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார், பாதி முகத்தால். டாக்டரம்மா எனக்கு விளக்கினார். இது பேச்சிழப்பு (நாக்கு கெடாமல், மூளையில் சொல்லை எடுத்துத் தரும் இடம் கெட்டுப்போவது). பலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும். எதைக் கேட்டாலும் அதுதான் வாயில் வரும். அதற்குப் பொருள் இல்லை. "அவங்க ஆமாங்கன்னு சொன்னா சம்மதம்னு எடுத்துக்காதீங்க. ரெண்டு பொருளை முன்னாடி வெச்சு, எது வேணும்னு கேளுங்க. நல்லா இருக்கற கையால தொட்டுக் காட்டுவாங்க."

அப்படியே செய்தேன். கஞ்சியும் ரொட்டியும் வைத்தால் கஞ்சியைத் தொடுவார். இதைப் படிப்பவர்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய சொல்லைக் கேட்காதீர்கள், கையைப் பாருங்கள்.

மூன்றாம் வாரம் எதிர்க்கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். வயிற்றில் கட்டி. பகலெல்லாம் முனகிக்கொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் அம்மா அவள் பக்கம் திரும்பினார். பாட ஆரம்பித்தார்.

ஒரு கீர்த்தனை முழுவதும். பல்லவி, சரணம், ஒரு சொல் பிசகாமல். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண் முனகலை நிறுத்தினாள். ஆயா வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

எல்லோரும் எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள். நான் சந்தோஷப்படவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். இருபது நாளாக அம்மாவின் வாயைத் துடைத்து, மலம் அள்ளி, தலை வாரி, "சாராள்னு சொல்லும்மா, ஒரு தடவ சொல்லு" என்று கெஞ்சியவள் நான். என் பெயர் மூன்றெழுத்து. அது அவருக்கு வரவில்லை. யாரோ ஒருத்திக்காக ஒரு முழுப் பாட்டு வந்தது.

மூளையில் பாட்டுக்கு வேறு இடம், பேச்சுக்கு வேறு இடம் என்று டாக்டரம்மா சொன்னார். பேச்சுப் போனவர்கள் பாடுவது உண்டாம். அறிவுக்குப் புரிந்தது. ஆனால் எனக்கு அந்தப் பெண்மேல் பொறாமை வந்தது. பிறகு, இதைச் சொல்ல அஞ்சுகிறேன், ஆண்டவர்மேலேயே வந்தது. அவருக்கு உரியதையெல்லாம் அம்மாவிடம் பத்திரமாக விட்டுவிட்டு, எனக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டதாகத் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பினோம். அம்மா கோலை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். மறு வாரம் எங்கள் சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். அம்மாவின் முன்னால் பாயில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசினார்.

"எஸ்தரம்மா, இருவது வருசம் நடந்துட்டீங்க. இனி ஓய்வா இருங்க. கோயில்ல முன்னாடி நாற்காலி போடச் சொல்றேன். வீட்டு ஊழியத்த உங்க பொண்ணு பாத்துக்கட்டும். படிச்ச பொண்ணு. சம்மதந்தானுங்களே?"

"ஆமாங்க" என்றார் அம்மா.

போதகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மனசாரத்தான் சொல்றாங்க, இல்லீங்களா?"

"ஆமாங்க ஐயா" என்றேன்.

அம்மாவுக்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது. எனக்கு வேறு சொற்கள் இருந்தன. "அது அவருக்குத் தெரிந்த ஒரே சொல், ஐயா" என்று சொல்லியிருக்கலாம். "அவரால் இன்னும் பாட முடியும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஊழியம் எனக்கு வேண்டியிருந்தது. அதைவிட, அம்மாவால் மட்டுமே செய்ய முடிந்தது என்று ஒன்று இல்லாமல் போக வேண்டியிருந்தது.

சாயங்காலங்களிலும் சனிக்கிழமைகளிலும் பள்ளிக்கூட வேலை போக நான் போனேன். இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு தோட்டத்து வீட்டில் பாவாயி என்ற பெண் ஆறு மாதமாகக் காய்ச்சலில் கிடந்தாள். அவர்கள் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனாலும் வியாழக்கிழமைதோறும் அம்மா வருவதற்காகக் கட்டிலருகில் மணை போட்டு வைத்திருந்தவர்கள். நான் நின்றபடியே வேதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வாசித்தேன். எழுத்தெழுத்தாக, திருத்தமாக.

"நல்லாப் படிக்கறீங்க டீச்சரம்மா. அச்சடிச்சாப்ல இருக்குதுங்க" என்றாள் பாவாயி. பிறகு கேட்டாள். "எஸ்தரம்மாளுக்குப் பேச்சு வருதுங்களா?"

"வரலீங்க."

"பாட்டாச்சும் வருதுங்களா?"

"இல்லீங்க."

"அப்படிங்களா" என்று போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரங்களில் வியாழக்கிழமை எதுவென்று அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. அன்று மட்டும் கஞ்சியைச் சீக்கிரம் குடித்துவிட்டு வாசலில் போய் உட்காருவார். பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது நான் உள்ளே கூட்டிப் போவேன். "ஓய்வா இரும்மா" என்பேன். "ஆமாங்க" என்பார். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை பாவாயியின் மாமியார் முந்தானையில் அவரைக்காய் கட்டிக்கொண்டு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா பின்கட்டில் உட்கார்ந்து, துணி மடித்தபடி பாடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, உங்க ஊட்டுல பாடறது ஆருங்க? கிராமபோனுங்களா?"

நான் எழுந்து நின்றேன்.

"பாட்டு வராதுன்னு சொன்னீங்களாமா. எம் மருமவ மூணு நாளாச் சோறு எறங்காம கெடக்கறா. படிச்சவங்க பொய் சொல்ல மாட்டாங்க கண்ணு, நெசமாத்தான் இருக்கும்னு நாந்தான் அவகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க." அவரைக்காயை முறத்தில் கொட்டினார். "அம்மாளுக்கு ஆக்கிப் போடுங்க. முத்தல எடுத்துப்போட்டுத்தான் கொண்டாந்தேன்."

அவர் போன பிறகு வெகுநேரம் அவரைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அவருடைய தலையணையை வைத்தேன். மறுபக்கம் அவருடைய செருப்பை வைத்தேன். கஞ்சிக்கும் ரொட்டிக்கும், வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும், தினமும் இப்படிக் கேட்டவள்தான். இந்த ஒன்றை மட்டும் கேட்காமலே விட்டிருந்தேன்.

"எதும்மா?" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். இடது கை தலையணைப் பக்கம் போகவே இல்லை. செருப்பைத் தொட்டது, பிடித்தது, மடியில் எடுத்து வைத்துக்கொண்டது. மண் படாத செருப்பின் வாரை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார்.

ஓய்வு என்பது வயதானவர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதை என்று நினைத்திருந்தேன். ஊழியம் என்பது ஒரு வேலை, வயது வந்ததும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்துகொள்வது என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு அது மூச்சு விடுவதைப் போல. பாதி உடம்பு போனால், மீதிப் பாதியால் மூச்சு விடுவதுதானே.

அன்று மாலையே போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொறாமைங்களா?" என்றார்.

தலையசைத்தேன்.

"எந் தம்பி என்னையவிட நல்லாப் பிரசங்கம் பண்ணுவானுங்க. பதினஞ்சு வருசத்துல ஒரு நாள்கூட அவன நம்ம கோயில்ல பிரசங்க மேடையில ஏத்துனதில்ல" என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. "எஸ்தரம்மாகிட்ட நானே வந்து மன்னிப்புக் கேக்கறனுங்க. அவங்க பேரு மறுபடியும் ஊழியப் பட்டியல்ல இருக்கும்."

இப்போது வியாழக்கிழமைகளில் பாவாயியின் வீட்டு மாட்டுவண்டி அம்மாவை அழைத்துப் போக வருகிறது. மற்ற நாள்களில் நடக்கிறார். கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டுக்குப் போய்ச் சேர முன்பு பாதி வெற்றிலை மெல்லும் நேரம் போதும். இப்போது வெயில் நிறம் மாறிவிடுகிறது. இரண்டு பாட்டு பாடுகிறார். மீதி நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். முன்பு யாரிடமும் சொல்லாததையெல்லாம் பெண்கள் அவரிடம் சொல்கிறார்களாம். எஸ்தரம்மாளிடம் சொன்னால் வெளியே போகாது என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். பேச்சுப் போன பிறகு அம்மாவின் ஊழியம் பெருகியிருக்கிறது. இதற்கும் எனக்குப் பொறாமைதான். என்னிடம் யாரும் அப்படி எதையும் சொன்னதில்லை.

பக்கவாதம் மறுபடியும் வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்ததும் அம்மாவின் இரண்டு கைகளையும் என் கைகளில் கொடுத்து அழுத்தச் சொல்கிறேன். இடது கை வலிக்க அழுத்தும். வலது கை ஒரு குருவி அமர்ந்ததுபோல் இருக்கும். அந்த எடை குறையவில்லை என்றால் அந்த நாள் எங்களுக்கு உண்டு. அடுத்த வருஷம் என்று நான் இப்போது நினைப்பதில்லை. தம்ளரை எடுக்கும்போது என் கையையே கவனிக்கிறேன். இருபத்து மூன்று வயதில், என் விரல்கள் மூடுவது எனக்கு ஒரு செய்தியாக இருக்கிறது.

பொறாமை முழுவதும் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அம்மாவின் ஊர்களில் நான் போகும் ஒவ்வொரு வீட்டிலும் அது என்னோடு வந்து உட்காரும். அதனால் நொய்யலுக்கு அக்கரையில் உள்ள ஊர்களை எனக்குத் தரும்படி போதகரிடம் கேட்டேன். அங்கே எங்கள் சபையிலிருந்து யாரும் போனதில்லை. எஸ்தரம்மாளின் மகள் என்று என்னை அங்கே யாருக்கும் தெரியாது. அவர் சம்மதித்தார்.

போன சனிக்கிழமை ஆற்று மணலில் நடந்து அக்கரைக்குப் போனேன். முதல் வளவில், ஒட்டிக் கிடந்த வீடுகளில் கடைசி வீட்டில், உள்ளே யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு பெண் தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆருங்க அது?" என்றாள்.

"நோயாளியப் பாக்க வந்தேனுங்க" என்றேன். "உள்ள கொஞ்ச நேரம் உக்காரலாங்களா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தள்ளி வழிவிட்டாள். வேதப் புத்தகம் பைக்குள் இருந்தது. அதை எடுக்காமல், குனிந்து உள்ளே போய், இருமல் வந்த மூலையில் தரையில் உட்கார்ந்தேன்.