அஃப்ரியே கையை உயர்த்தினாள்

என் அறைத்தோழி அஃப்ரியேவுக்குத் திக்குவாய். அவள் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் குமாசிச் சந்தையில் ஒரு டிரோட்ரோ வண்டி ஆள் நிரம்பிக் கிளம்பிவிடும். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவளும் சும்மா விடமாட்டாள். "கொனாடு, நீ பா-பாடுறதுக்கு ஆடு கத்துறதே மேல்டி" என்பாள்.

போன வருடம் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் அவள் ஒரு சொல்கூட வராமல் நின்றாள். கொக்கோ காய் அழுகல் நோய் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. பேராசிரியர் துவுமாசி பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவளை அனுப்பிவிட்டார். இனி ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தோற்றால் பட்டம் கிடையாது.

அதன்பின் புதன்கிழமைதோறும் கிறிஸ்தவ மாணவர் ஐக்கிய ஆராதனையில், கடவுள் செய்த நன்மையைச் சபைமுன் சாட்சி சொல்ல எழுந்தாள். சாட்சி சொல்பவர் தடுமாறினால் எங்களில் யாராவது பாட்டை எடுத்துக் கொடுப்போம். சபையே கைதட்டிச் சேர்ந்துகொள்ளும். அவர் கையை உயர்த்தினால் பாட்டு நிற்கும், விட்ட இடத்திலிருந்து தொடர்வார். முதல் வாரம் அவளுக்காக ஏழு பாட்டுப் பாடினோம். மேளக்காரனுக்குக் கையே வீங்கிவிட்டது. யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை. வருடக் கடைசியில் இரண்டு பாட்டே போதுமென்று ஆனது.

மறுதேர்வு நாளன்று நான் பின்வரிசையில் இருந்தேன். மூன்று நிமிடம் நன்றாகத்தான் போனது. பிறகு மாட்டிக்கொண்டாள்.

"பூ... பூ..."

துவுமாசி பேனாவை மூடினார். அவ்வளவுதான், என் வாய் என்னைக் கேட்காமலே பாட்டை எடுத்துவிட்டது. அதுவும் கைதட்டலோடு!

"யாரும்மா அது? இதென்ன சர்ச்சா? வெளிய போ!"

செத்தேன் என்று நினைத்தேன். என்னால் இவள் பட்டமும் போச்சே!

அஃப்ரியே கையை உயர்த்தினாள், புதன்கிழமைகளில் உயர்த்துவது போலவே. நான் வாயை மூடினேன். ஏனோ பேராசிரியரும் மூடிக்கொண்டார்.

"பூ-பூஞ்சை மழையோட வரல சார். அதுக்கு முன்னாடியே மண்ணுல இருக்கு."

நாற்பது நிமிடம் பேசினாள். திக்கினாள், நின்றாள், தொடர்ந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. துவுமாசி பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"பாஸ். பாட்டுக்காரிய மட்டும் இனிமே வீட்டுல விட்டுட்டு வாம்மா."

வெளியே வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "பாத்தியா, நான் பாடினதாலதான் தப்பிச்ச!"

"போ-போடி! நான் உள்ளுக்குள்ள பாடிக்கிட்டுதான் இருந்தேன். ரெண்டாவது அடிக்கே வந்துட்டேன். நீ வந்து ராகத்தையே கெடுத்துட்ட."

அந்தப் புதன்கிழமை வெள்ளைக் கைக்குட்டையை வீசி ஆடிக்கொண்டே முன்னால் போனாள்.

"நா... நா..."

சபை மொத்தமும் பாட மூச்சை இழுத்தது. கை உயர்ந்தது.

"யாரும் பா-பாடாதீங்க. கொனாடு, முக்கியமா நீ!"

சிரிப்பு அடங்கும்வரை அசையாமல் நின்றாள். நாங்களும் காத்திருந்தோம்.

"நான் பட்டதாரி. கர்த்தருக்கு நன்றி."

அதற்குப் பிறகுதான் பாடினோம். ஆட்டுக்குரலில் நானும்.