ஆச்சி சொல்லாத பெயர்

உமையாள் ஆச்சி தன் மகனைப் பெற்று இருபத்து நான்கு வருடம் ஆகியும் அவன் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை.

நகரத்தார் வீட்டு வழக்கம் அப்படி. தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயரை வைப்பார்கள். மருமகளோ மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். இரண்டும் ஒரே வீட்டு வழக்கம்தான். நடுவில் அகப்பட்டுக்கொள்பவள் பிள்ளையைப் பெற்றவள்.

மலாயாவின் கிள்ளானில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு அடைக்கப்பன் என்று பிறப்புப் பத்திரம் எழுதினார்கள். ஆச்சி பழனியாண்டவருக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்பதால், 'பழனி' என்று கூப்பிட்டு வளர்த்தார். பக்கத்து வீடு, எதிர்க்கடை, ரொட்டிக்காரர் எல்லோருக்கும் அவன் பழனிதான்.

பழனிக்குப் பதினாறு வயதில் பந்துப் பைத்தியம் பிடித்தது. துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்த தம்புசாமி, சாயங்காலங்களில் ஒரு கால்பந்துக் குழுவை நடத்திவந்தார். ஒரு நாள் திடலோரம் மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் பதிவுப் பாரத்தை வைத்துப் புதிய ஆட்டக்காரர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஆச்சி சாலையில் நின்று, "பழனி, மழை வருது, வாப்பா" என்று கூப்பிட்டார். தம்புசாமி பழனி என்று எழுதிக்கொண்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அதன்பிறகு எட்டு வருடம். பகலில் வங்கியில் குமாஸ்தா, ஐந்து மணிக்கு மேல் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். சங்கத்தின் பதிவேடு, கோப்பை, பத்திரிகைச் செய்தி எல்லாவற்றிலும் பழனி.

எழுபத்தொன்பதாம் வருடம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து ஒரு குழு இங்கே விளையாட வந்தது. அவர்களுடைய வலது பக்க ஆட்டக்காரன் குதிரை மாதிரி ஓடுவான். தொண்ணூறு நிமிடமும் பழனி அவனைக் கோட்டுப் பக்கமே தள்ளிக்கொண்டு போனான். ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய கிழட்டு இத்தாலியப் பயிற்சியாளர் வந்து பழனியின் விலாசத்தை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. ஒரு பருவம் எங்களுக்கு ஆட வா, பகலில் காய்கறிக் கிடங்கில் வேலை, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, ஞாயிறு ஆட்டம் என்று எழுதியிருந்தார்கள். காய்கறிக் கிடங்கு என்றதும் ஆச்சிக்குப் பாதிக் கவலை போயிற்று. எங்கே போனாலும் பிள்ளை பட்டினி கிடக்க மாட்டான் அல்லவா.

வங்கியில் சம்பளமில்லா விடுப்பு கிடைத்தது. கால்பந்துச் சங்கமும், பழனி வெளிநாட்டில் ஆடத் தடையில்லை என்று கடிதம் கொடுத்தது. சனிக்கிழமை விமானம். அங்கே ஆட்டக்காரர்களைப் பதியும் கடைசி நாள் திங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் புதன்கிழமை கோலாலம்பூருக்கு விசா வாங்கப் போனார்கள்.

விசா அலுவலகத்தில் இருந்த அம்மாள் பெர்த் கடிதத்தையும் பாஸ்போர்ட் எனும் கடப்பிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கடிதத்தில் பழனி. கடப்பிதழில் அடைக்கப்பன். "இரண்டு பேரும் ஒருவர்தான் என்று அப்பாவோ அம்மாவோ சத்தியம் செய்த பத்திரம் வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொண்டுவாருங்கள்" என்றாள்.

அப்பா நாச்சியப்பச் செட்டியார், குலதெய்வப் படைப்புக்காகச் செட்டிநாட்டு ஊருக்குப் போயிருந்தார். வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். ஆகவே வியாழக்கிழமை மத்தியானம் ஆச்சி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, மகனோடும் தம்புசாமியோடும் கிள்ளானில் ரயில் ஏறினார்.

"என் கை செஞ்ச வேலை ஆச்சி. அன்னைக்கே பர்த் சர்டிபிகேட்டக் கேட்டிருக்கணும்" என்று தம்புசாமி வழி நெடுகப் புலம்பிக்கொண்டு வந்தார்.

"உங்க மேல என்ன அண்ணே தப்பு. ரோட்டுல நின்னு கத்தினது நாந்தானே" என்றார் ஆச்சி.

சத்தியப் பத்திரத்துக்கு முத்திரை போடும் ஆணையர், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே மாடியில் இருந்தார். வயதான சீனர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசும் பழக்கமுள்ளவர். பத்திரத்தைத் தட்டெழுத்தில் அடித்து வைத்துக்கொண்டு, ஆச்சிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்றதும் பேனாவை மூடிவிட்டார்.

"அப்படின்னா நான் வாயால கேக்கணும், அம்மா வாயால சொல்லணும். அதுதான் ரூல்" என்று மலாயில் சொன்னார். ஆச்சிக்கும் கடைத்தெருவில் பழகிய பாசார் மலாய் தெரியும்.

"இது யாரு?"

"என் மகன்."

"பேரு என்ன?"

"பழனி" என்றார் ஆச்சி, யோசிக்காமல்.

"வேற பேரு உண்டா?"

ஆச்சி தலையைக் குனிந்துகொண்டார். கிழவர் காத்திருந்தார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அடைக்கப்பன்னு சொல்லுங்க ஆச்சி" என்று தம்புசாமி தமிழில் கிசுகிசுத்தார்.

கிழவர் கையை உயர்த்தினார். "நீங்க சொல்லித் தரக்கூடாது, பாஸ். அம்மாவுக்கு அந்தப் பேரே தெரியல போலிருக்கே. யாரு கடப்பிதழ் இது?"

தம்புசாமி அவசர அவசரமாக வழக்கத்தை விளக்கினார். இது மாமனார் பெயர், மருமகள் சொல்வதில்லை, மரியாதை என்று மூன்று தடவை சொன்னார். கிழவருக்குச் சிரிப்பு வந்தது.

"என் பொண்டாட்டி என் பேர ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்றா. பாதி நேரம் திட்டத்தான் சொல்றா."

"ஆச்சிய எழுதச் சொல்லட்டுமா? தமிழ்ல எழுதுவாங்க" என்றார் தம்புசாமி.

"தமிழ் எனக்கு வாசிக்கத் தெரியாதே. அவங்க என்ன எழுதினாலும் எனக்குக் கோலம்தான்." கிழவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஆச்சியைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. அடுத்தவன் கடப்பிதழத் தூக்கிட்டு வர்றவன் மாசம் ஒருத்தனாவது இந்த மாடி ஏறுறான். பேரே தெரியாத பிள்ளைக்கு நான் முத்திரை போட்டா, நாளைக்கு என் முத்திரைய யாரு நம்புவாங்க? அஞ்சு மணிக்குக் கடைய மூடிருவேன்."

சுவர்க் கடிகாரத்தில் நாலே முக்கால்.

பழனி எழுந்து ஆச்சியின் பையை எடுத்துக்கொண்டான். "விடுங்க ஆத்தா. வாங்க போகலாம். பேங்க் வேலை இருக்கு, நம்ம திடல் இருக்கு. இதுக்குப் போயி நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க." கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஆச்சி தாங்கியிருப்பார். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த பெர்த் கடிதத்தின்மேல் மட்டும் அவன் கை போய்ப் போய் வந்தது.

"ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு ஆச்சி வெளியே போய் மாடிப்படியின் மேல்படியில் நின்றார். கீழே பூக்கடையிலிருந்து மல்லிகை வாசனை வந்தது. கண்ணை மூடினார்.

தண்டாயுதபாணியைத்தான் நினைக்கப் பார்த்தார். காலமான மாமனார்தான் நினைவில் வந்து நின்றார். ஆச்சி பத்தொன்பது வயதில் கப்பலில் வந்து இறங்கியபோது அந்த மனிதர் கடுமழையில் குடை பிடித்துக்கொண்டு படகுத்துறையில் நின்றிருந்தார். குடையை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே முன்னால் நடந்தார். அந்த வீட்டில் வாழ்ந்த பதினோரு வருடத்தில் ஒரு சொல் உரக்கச் சொன்னவரில்லை. அப்படிப்பட்டவர் பெயரை, யாரோ ஒருவர் மேசைக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது?

உதடு அசையாமல் ஆச்சி அவரிடமே பேசினார். மாமா, உங்க பேரைச் சொல்லப் போறேன். அகம்பாவத்துல இல்லை. உங்க பேரன் அக்கரைக்குப் போகணும். நீங்களும் அந்தக் காலத்துல அக்கரைக்கு வந்தவுகதானே. தப்புன்னா என்னோட போகட்டும், அவனைத் தொடக்கூடாது.

திரும்பி உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"என் மகன் பேரு..." எச்சில் விழுங்கிக்கொண்டார். "அடைக்கப்பன்."

தம்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிழவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "ரயில் சத்தம்மா. இன்னொரு தடவை."

"அடைக்கப்பன்."

"பழனி?"

"பழனியும் அடைக்கப்பனும் ஒரே ஆளுதான். நான் பெத்த பிள்ளை. அடைக்கப்பன்னு பேரு வச்சு, பழனின்னு கூப்பிட்டேன். பதினாறு வயசுல பந்தாட்டப் பாரத்துல தப்பா ஏறிருச்சு. பத்திரத்துல இருக்கிறது அடைக்கப்பன்தான்."

"போதும்மா, போதும்" என்றார் கிழவர். "இப்ப நீங்க நிறுத்த மாட்டீங்க போலிருக்கு." முத்திரையை மையில் அழுத்தி, பத்திரத்தில் ஓங்கிக் குத்தினார்.

ஆச்சி படி இறங்கி வந்தார். பூக்கடை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பழனி ஓடிப்போய்த் தேநீர் வாங்கிவந்தான். அதைக் குடித்து முடிக்கும் வரையில் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடி விழவில்லை. வெயில்கூடச் சற்றுத் தணிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விசா கிடைத்தது. சனிக்கிழமை பழனி சுபாங் விமான நிலையத்திலிருந்து பறந்தான். செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது: பெயர் பதிந்தாயிற்று, ஞாயிறு ஆட்டம். ஆச்சி அன்றைக்குத்தான் இரவுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டார்.

பழனி அங்கே நான்கு பருவம் ஆடினான். ஆனாலும் முதல் இரண்டு மாதம் ஆச்சிக்கு உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. செட்டியார் ஊரிலிருந்து திரும்பிய அன்று, இலையில் சோற்றைப் போட்டுவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார்.

செட்டியார் பிசைந்த கையை இலையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை தடவை சொன்னே?"

"அஞ்சு தடவை."

"எங்க அப்பச்சி இருந்திருந்தா, முதல் தடவையே ஏன் சொல்லலைன்னுதான் கேட்டிருப்பாக" என்றார். "பேரனோட சந்தோசத்துக்குக் குறுக்க நிக்கவா அவுக பேரை வச்சோம்."

இரண்டு மாதமாக ஆச்சியின் நெஞ்சில் இருந்த முள் அந்த ஒரு சொல்லில் போயிற்று.

செட்டியார் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, தகப்பன் பேரையும் கேட்டிருப்பாரே. என் பேரையும் சொல்லிட்டியா?"

"அது பத்திரத்துலயே அடிச்சிருந்துச்சு. கேக்கலை."

"கேட்டிருந்தா?"

ஆச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு, குழம்பு எடுத்துவர அடுப்படிக்குப் போய்விட்டார்.