சத்தம் போட ஓர் இடம்

மகள் அந்த இடத்தைத் திறந்த முதல் வாரத்தில் நான் செய்த காரியத்தைக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் குதிக்கவும் சறுக்கவும் பந்துக் குவியலில் விழுந்து புரளவும் என்று, நெய்வேலியை ஒட்டியிருக்கும் வடக்குத்து ஊரில் ஒரு பெரிய கூடத்தை வாடகைக்குப் பிடித்துத் தரை முழுக்க மெத்தை விரித்திருந்தாள். வலை கட்டி, சறுக்குமரம் வைத்து, சுவருக்கு மஞ்சளும் பச்சையும் அடித்திருந்தாள். பிள்ளைகள் வந்தார்கள். வந்ததும் கூச்சல் போட்டார்கள். நான் ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் போய், உதட்டில் விரலை வைத்து, "உஸ்... மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மகள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அம்மா, சத்தம் போடுறதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வர்றாங்க. நீங்க வாயப் பொத்திவிட்டா நாளைக்கு யாரு வருவா?"

"பெஞ்சுல ஒருத்தர் தூங்குறாரு, பாத்தியா?"

"தூங்கட்டும். பிள்ளைங்க கத்தட்டும். ரெண்டும் நடக்கும்."

ரெண்டும் நடக்கும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் நைட் என்று ஷிஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். நைட் வாரம் வந்தால் எங்கள் குவார்ட்டர்ஸில் பகல் முழுக்க யாரும் நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். விசில் வரும் என்று குக்கருக்குக் குண்டு போட மாட்டேன். பருப்பைத் திறந்த பாத்திரத்திலேயே வேகவைப்பேன். என் பிள்ளைகளைக் கூப்பிட வருகிற சிநேகிதப் பிள்ளைகள் வாசலில் நின்று கத்த மாட்டார்கள். ஜன்னல் வலையை நகத்தால் சுரண்டுவார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து கோப்பையோடு ஓடிவந்தாள். வாசலில் அப்பாவின் செருப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பூனை மாதிரி நடந்து கொல்லைப்பக்கம் வந்து, துணி துவைத்துக்கொண்டிருந்த என் காதுக்குள் சொன்னாள். எனக்கு அப்போது அது நல்ல பிள்ளை வளர்ப்பாகத்தான் தெரிந்தது. ஒரு குரல் வெளியே கேட்காமல் மூன்று பிள்ளை வளர்த்தேன் என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசியிருக்கிறேன்.

அவர் ரிட்டயர்டு ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும் பகலில் தூங்குவதை அவர் விடவில்லை. சத்தத்தை அடக்குவதை நானும் விடவில்லை.

மகள் சொன்ன பிறகு என் கைக்கு வேறு வேலை கொடுத்துக்கொண்டேன். வாசலில் உட்கார்ந்து செருப்புகளை வாங்கித் தட்டில் அடுக்குவேன். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸை எடுத்துக் கொடுப்பேன். அது போடாமல் யாரையும் உள்ளே விட மாட்டோம். சாயங்காலம் பந்துகளை வெங்காய மூட்டை வலைப்பையில் அள்ளிப் போட்டு சோப்புத் தண்ணீரில் அலசுவேன். தண்ணீர் கறுத்து வரும். நெய்வேலியில் எதைக் கழுவினாலும் கொஞ்சம் கறுப்பு வரத்தான் செய்யும்.

புது ஆட்களிடம் பேச எனக்கு வராது. சாக்ஸின் அளவைக்கூடக் கேட்க மாட்டேன். காலைப் பார்த்து நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். பேசாமல் உட்கார்ந்திருப்பவளுக்கு வேடிக்கை நிறையக் கிடைக்கும். "நான் உள்ள வரல, இங்கேயே நிக்கிறேன்" என்று சொன்ன அப்பா, பிள்ளை வேறு பக்கம் ஓடிய பிறகும் தனியாக உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருப்பார். பிள்ளையைத் துரத்திக் குழாய்க்குள் நுழைந்த அம்மா பாதியில் சிக்கிக்கொண்டு, "ஏங்க, காலப் பிடிச்சு இழுங்க, போனை நோண்டினது போதும்" என்று உள்ளேயிருந்து புருஷனை விரட்டுவார். பிள்ளை அழாமல் விளையாடினால் பெற்றவர்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பிள்ளை அப்படி விளையாடுவதைப் பார்க்கத்தான் அவர்களும் காசு கொடுத்து வருகிறார்கள் என்று நினைப்பேன்.

ஒரு பெண் பிள்ளை தன் அம்மாவோடு முதலில் வந்தது ஏப்ரல் வெயிலில். நான்கு வயதிருக்கும். அம்மா சுவரோரமாக நின்றாள். பெஞ்சில் வழக்கமாக வந்து உட்காரும் டவுன்ஷிப் அம்மா ஒருவர், வீட்டுக்காரர் இன்ஜினியர், நகர்ந்து இடம் கொடுத்து, குவார்ட்டர்ஸில் எந்தப் பகுதி என்று எல்லாரிடமும் கேட்பதையே கேட்டார்.

"எந்த பிளாக்?"

"பிளாக்குல இல்லீங்க. இங்கதான் வடக்குத்து. அவரு மைன்ஸுல காண்ட்ராக்ட்டு ஆளு" என்றாள் அவள், என்னமோ தப்பு செய்துவிட்ட மாதிரி. உட்காரவில்லை.

பிள்ளை விளையாடியது. ஆனால் அதன் விளையாட்டில் சத்தமே இல்லை. பந்துக்குள் விழுந்தது, எழுந்தது, வாய் மூடிச் சிரித்தது. ஒரு பையன் ஓடிவந்து மோதித் தள்ளிவிட்டான். பிள்ளையின் முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. என் வீட்டில் மூன்று பிள்ளைகளும் அப்படித்தான் அழுதார்கள்.

போகும்போது அந்த அம்மா சாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள். நான் பேசாதவள் என்பதாலோ என்னவோ, மனதில் இருந்ததைக் கொட்டினாள்.

"பேசாத புள்ள இல்ல ஆயா. வூட்ல எங்காதுல குசுகுசுன்னு அவ்ளோ கதை சொல்லும். வெளிய வந்தா வாயே தொறக்காது. எல்.கே.ஜி. சேக்கப் போனோம். மிஸ்ஸு பேரு கேட்டாங்க. எம் முந்தானிக்குள்ள பூந்துகிச்சு. மூணு தபா கேட்டுட்டு, 'அடுத்த வருசம் வாங்க'ன்னாங்க. நான் அழுவாத கொறையா கேட்டதுக்கு, பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னால இன்னொரு தபா கூட்டியாங்க, கணீர்னு பேரு சொன்னா பாக்கலாம்னாங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டேன். காது நல்லா இருக்கு, நாக்கு நல்லா இருக்குன்னாரு."

சேலை முனையால் பிள்ளையின் கழுத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். "எல்லாம் நான்தான் ஆயா. ஷீட்டு போட்ட வூடு, ஒரே ரூமு. அவரு நைட்டு முடிச்சு வந்து படுத்துக்கினு இருப்பாரு. பொறந்ததுலேருந்து உஸ்ஸு உஸ்ஸுன்னே வளத்துட்டேன். எம் மாமியா ஊமைப் புள்ளன்னே கூப்புடுது."

பிள்ளையின் செருப்பு வாரை மாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அடிக்கடி வரச் சொல்றேன்மா. அவங்க அப்பாவையும் ஒரு நாள் கூட்டிட்டு வரட்டும்" என்றாள். அடுத்த தடவை அவர்கள் வந்தபோது மகளே அந்த அம்மாவிடம் சொன்னாள்.

வாரம் ஒரு நாள், இரண்டு நாள் வந்தார்கள். பிள்ளை முதலில் சின்னச் சறுக்கில் ஏறியது. பிறகு கயிற்று வலையைப் பிடித்துப் பெரிய சறுக்கின் பாதி வரை ஏறி இறங்கியது. பிறகு உச்சி வரைக்கும். சத்தம்தான் இல்லை. ஜூன் நெருங்கிக்கொண்டே வந்தது. அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

மே கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் வந்தார். நைட் முடிந்ததும், அடுத்த ஷிஃப்ட்காரர் வராததால் அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, வேலைச் சட்டையோடு நேராக வந்திருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். சாக்ஸை ஒரு காலில் மட்டும் மாட்டினார். பெஞ்சில் சாய்ந்தார். அவ்வளவுதான், வாய் திறந்து தூங்கிவிட்டார்.

"மேல ஏறிக் காட்டப் போறேன்னு ரெண்டு நாளா சொல்லிக்கினு இருக்குது. இவரப் பாருங்க" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பிள்ளை வலையில் ஏற ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பையன் அந்த அப்பாவின் தலைமாட்டில் நின்று ரயில் மாதிரி கூவினான். நான் என்ன நினைத்தேன் என்று தெரியாது. நினைக்கவே இல்லை. எழுந்து போய் உதட்டில் விரலை வைத்தேன்.

"உஸ்... அப்பா தூங்குறாரு."

நிமிர்ந்தால், உச்சியில் அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. அப்பாவைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் விரலைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. தூங்குகிற மனிதருக்குக் கை ஆட்டினால் எப்படித் தெரியும்? எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. இத்தனை வாரம் அந்தப் பெண் பட்ட பாட்டை ஒரு விரலால் கெடுத்துவிட்டேன்.

அம்மா அவரை உலுக்கி எழுப்பப் போனாள். என் மகள் குறுக்கே வந்தாள்.

"அக்கா, எழுப்பாதீங்க. அவ எழுப்பட்டும்."

"ரெண்டு ஷிஃப்ட்டு பாத்துட்டு வந்திருக்காரு, பாவம்..."

"அரை நிமிஷம் முழிச்சா போதும். நீங்க சொன்னாத்தான் அவ கூப்பிடுவா. நான் சொன்னா கேக்க மாட்டா, அம்மா சொன்னாலும் கேக்க மாட்டா." அம்மா என்றது என்னை. என் பக்கம் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். சறுக்கின் அடியில் போய் நின்றாள். நாலு வருஷமாகச் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"கூப்புடு பாப்பா. அப்பாவ எழுப்பு."

பிள்ளை தலையை ஆட்டி மாட்டேன் என்றது.

"அப்பா திட்ட மாட்டாரு. நான் சொல்றேன் இல்ல. எவ்ளோ சத்தமா வேணும்னாலும் கூப்புடு."

"ப்பா" என்றது பிள்ளை. எனக்கே கேட்கவில்லை, உதட்டில்தான் பார்த்தேன்.

"பத்தாது! அங்க வரைக்கும் போவணும் இல்ல?"

"அப்பா."

"இன்னும்!"

பிள்ளை வலையை இரண்டு கையாலும் பிடித்தது, கண்ணை இறுக்கி மூடியது, "அப்பாஆஆ!" என்றது. அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்ததோ. பந்துக்குள் கிடந்த பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்பா துள்ளி எழுந்தார். "ஷிஃப்ட்டு பஸ்ஸு போயிடுச்சா?" என்று ஒரு கால் சாக்ஸோடு வாசலைப் பார்த்து ஓடினார். கூடமே சிரித்தது.

"பஸ்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல. மேல பாரு!" என்றாள் அவர் பெண்டாட்டி.

"யாரு கூப்ட்டது?"

"உம் பொண்ணுதான்."

"நம்ம பாப்பாவா? சும்மா சொல்லாத."

மேலேயிருந்து திரும்பவும் வந்தது. "அப்பா, பாரு!" என்று சொல்லிக்கொண்டே பிள்ளை சறுக்கிக் கீழே வந்து பந்துக்குள் விழுந்தது. அந்த மனிதர் வேலைச் சட்டையோடு பந்துக்குள் இறங்கிவிட்டார். பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு, "இன்னொரு தபா கூப்புடு, இன்னொரு தபா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தன் பிள்ளையின் குரல் இன்னதென்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த அம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. டவுன்ஷிப் அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து, "என்ன கணீர்னு இருக்கு பாருங்க வாய்ஸு. வாங்க, வந்து உக்காருங்க" என்று இழுத்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்காரவைத்தார். பிளாக் எதுவும் கேட்கவில்லை.

நான் என் மகளைப் பார்த்தேன். அவள் பாட்டுக்கு வலையின் ஒரு முடிச்சைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பளத்துக்கு இருந்த வேலையை விட்டுவிட்டு அவள் இதைத் தொடங்கியபோது, படித்த பெண்ணுக்கு இது ஒரு வேலையா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நானும் மனசுக்குள் கேட்டேன், ஒளிப்பானேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு, இது நான் பெற்ற பிள்ளை என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு தாயும் பிள்ளையும் வந்தார்கள். தாய் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"சீட்டு குடுத்துட்டாங்க ஆயா! மிஸ்ஸு பேரு கேட்டாங்க. இது போட்ட சத்தத்துல அவங்க காதப் பொத்திக்கினாங்க. 'போதும்மா, இவ்ளோ வேணாம்'னாங்க."

"வீட்டுல?" என்று கேட்டேன். நானாக ஒருவரிடம் கேட்டது எனக்கே ஆச்சரியம்.

"அத ஏன் கேக்கறீங்க. அவரு தூங்கறதுக்கு அவங்க அண்ணன் வூட்டு மாடிக்குப் போயிடறாரு. போறவரு சும்மா போறாரா? எம் பொண்ணு தூங்க வுட மாட்டேங்குதுன்னு பஸ்ஸுல வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு திரியறாரு. அதுல ஒரு பெருமை!" திட்டுகிற மாதிரிதான் சொன்னாள். அவள் முகத்திலும் அந்தப் பெருமைதான் வழிந்தது.

ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு அவர்கள் கிளம்பும்போது நான் உள்ளே பந்து அள்ளிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து அந்தப் பிள்ளை, கூடம் அதிர, என்னைக் கூப்பிட்டது.

"ஆயா! எஞ்செருப்பு எங்க? சீக்கிரம் வா!"

அது என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அத்தனை சத்தமாக என்னை யாரும் வேலை ஏவியது கிடையாது. கையிலிருந்த பந்துகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.