தடைப் பட்டியலில் பதினேழு பேர்

என் தங்கை லோகேஸ்வரி பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் விரிவுரையாளர். நாங்கள் பைராம் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்தி, பிறை நகரில் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். அவள் டாக்டர் பட்டம் வாங்கினாள்.

சென்ற ஆண்டு தன் பாடத்தை முழுவதும் இணையத்துக்கு மாற்றினாள். பதினான்கு காணொளிகள், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். எழுத்து சிறிதாகத் தெரிந்தால்கூட மறுபடி எடுப்பாள். யார் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று இணையதளமே குறித்துக்கொள்ளும். அதுதான் வருகைப் பதிவு. எண்பது விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது. இந்த ஏற்பாடு பல்கலைக்கழக விருதுப் போட்டிக்கும் போயிருந்தது.

பதினோராவது வாரம் பதினேழு பேருக்குத் தடை. லோகேஸ்வரி கையெழுத்திட்டு அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து ஹுஸ்னா என்ற மாணவி நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். அவள் வருகை பூஜ்யம். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் குறிப்பு இருந்தது, லோகேஸ்வரி பேச்சுவாக்கில் சொன்ன உதாரணங்கள் உட்பட. வீட்டில் இணைய லைன் இல்லாததால் நூலகத்தில் பதிவிறக்கி, பேருந்தில் பார்த்திருக்கிறாள். அப்படிப் பார்த்தால் இணையதளம் எண்ணாது.

தங்கை இதை என்னிடம் சொன்னபோது, அந்தப் பெண்ணின் வருகைக் கணக்கை மட்டும் சத்தமில்லாமல் திருத்திவிடச் சொன்னேன். விருது நேரம் அல்லவா.

"மத்த பதினாறு பேரு, அண்ணே?" என்றாள். பிறகு, "லைன் இல்லாத தோட்டத்துலதான் நான் வளந்தேன். நானே மறந்துட்டேன் பாருங்க."

பதினாறு பேரையும் தொலைபேசியில் அழைத்தாள். பன்னிரண்டு பேர் ஹுஸ்னாவைப் போலத்தான் படித்திருந்தார்கள். பிழை தன் வடிவமைப்பில்தான் என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, விருதிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டாள். கணினிக் கோளாறு என்று போட்டால் போதுமே என்றாராம் துறைத் தலைவர்.

"கணினி நான் எண்ணச் சொன்னதத்தான் எண்ணுச்சு," என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

ஹுஸ்னாவோடு சேர்த்துப் பதின்மூன்று பேருக்குத் தடை நீங்கியது. அவர்களில் பன்னிரண்டு பேர் தேர்வு எழுதினார்கள். பதின்மூன்றாவது ஆள் சுங்கை பாக்காப் ஊரைச் சேர்ந்த தயாளன். பட்டியலில் பெயரைக் கண்ட அன்றே படிப்பை விட்டு, ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டான். தனக்குப் படிப்பு வராது என்று பல்கலைக்கழகமே சொல்லிவிட்டதாக நினைத்தானாம்.

இப்போது நிமிடக் கணக்கு இல்லை. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு கேள்வி. லைன் கிடைக்கும்போது பதில் அனுப்பலாம். தயாளனைத் திரும்பச் சேர்ப்பதற்கான அனுமதியும் வாங்கி வைத்திருக்கிறாள். ஞாயிறுதோறும் அவனோடு பேசுகிறாள். யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்கிறான். பதிவு முடிய இன்னும் ஒன்பது நாள்.